தொலைந்ததாக எழுதியவை

வெள்ளிக்கிழமை எனக்கு வார விடுமுறை.
கேட்டு வாங்கியது. எதற்கென்றார்கள், கோயில் என்றேன்.
போவதென்னவோ பல்லாவரம் சந்தைக்கு.

தலையில்லாத தையல் மெஷின்,
ரிமோட் மட்டும் ஒரு கூடை,
கூண்டில் லவ் பேர்ட்ஸ், அதைத் தாண்டி
தார்ப்பாயில் வாட்ச்சுகளைக் கொட்டிவைத்து
உடைந்த குடைக்குக் கீழே கவுஸ் மொய்தீன்.
'மிலிட்டரி அக்கா' என்பான்.
தங்க முலாம் பக்கம் என் கை போகாது, அவனுக்குத் தெரியும்.

கறுப்பு முகம். வெள்ளை எண்கள்.
பட்டை கோக்கும் கம்பியைக்
கழன்று விழாதபடி பற்றவைத்திருப்பார்கள்.
பின்மூடியில் ஒரு அம்பு, ஒரு நம்பர்.
பெயர் இருக்காது.
அரசுச் சொத்து, வேலை முடிந்ததும்
திருப்பிக் கொடுக்க வேண்டியது.
அப்படியானால் என் கைக்கு வரும் ஒவ்வொன்றும்
எங்கோ ஒரு ஸ்டோர் ரிஜிஸ்தரில்
'தொலைந்தது' என்று எழுதப்பட்டிருக்கும்.
எதிரே ஒரு கையெழுத்து, சம்பளத்தில் பிடித்தம்.
அல்லது கையெழுத்துப் போட ஆள் இல்லை.
பேரம் பேசும்போது இதெல்லாம் தோன்றுவதில்லை.
மூவாயிரம் என்றான். ஆயிரத்து எண்ணூறுக்குக் கொடுத்தான்.

ஒன்றின் மூடியைத் திறந்தபோது உள்பக்கம்
ஊசியால் கீறி, தமிழில், 'தண்ணி' என்றிருந்தது.
எந்தத் தண்ணி என்று எழுதவில்லை.

சந்தைக்கு வருவதில் பாதி பம்பாய்ப் பெயிண்ட்.
தேய்ந்த முகத்தை வழித்துவிட்டு
போன மாதம் வரைந்த அம்பு.
கண்டுபிடிக்க எனக்கொரு வழி உண்டு.
அண்ணாநகரில் எக்ஸ்ரே டெக்னீஷியன் நான்.
ராத்திரி டூட்டியில், கடைசி எலும்பு முறிவும் போனபின்
கதிர் அளக்கும் மீட்டரை எடுத்து
வாட்ச்சின் முகத்தருகே பிடிப்பேன்.
பம்பாய் கம்மென்றிருக்கும்.
நிஜமானது, காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்ததுபோல.
விளக்கை அணைத்தால் ஒரு எண்கூடத் தெரியாது.
ஒளிரும் பூச்சு செத்து எத்தனையோ வருஷம்.
ரேடியம் மட்டும் அப்படியே.
பாதியாகக் குறையவே
ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆகுமாம்.

போன ஆகஸ்டில் கடிதம் வந்தது.
என் சட்டையில் குத்தும் பேட்ஜில்
மூன்று மாதக் கதிர்க் கணக்கு வரம்பைத் தாண்டிவிட்டதாம்.
விளக்கம் தேவை.
நெல்சன் துரைராஜ் சார் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்,
ஈய ஏப்ரன் போடுகிறாயா இல்லையா,
குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நிற்கிறாயா.
ரத்தம் எடுத்தார்கள்.
பதிவு அறையில் டோக்கன் கிழிக்க உட்காரவைத்தார்கள்.
வீட்டில் இளவரசு போனில் எதையெதையோ படித்துவிட்டு
என் தட்டில் மீன் துண்டை இரண்டாக வைத்தார்.
ரத்தம் சரியாகத்தான் இருந்தது.

பத்தாம் நாள் பீரோ இழுப்பறையைத் திறந்தேன்.
ஒன்பது வாட்ச்.
அவற்றின் நடுவே, ஒரு நாள் மறந்துபோய்க் கொண்டுவந்து
பிறகு தினமும் அங்கேயே கழற்றிப் போடும் பேட்ஜ்
மல்லாந்து கிடந்தது.

உண்மையை எழுதினால் வேலை போகும்.
பேட்ஜைக் கொண்டுபோனது ஒரு குற்றம், மீட்டர் இன்னொன்று.
'தொலைந்துவிட்டது,
எக்ஸ்ரே மேஜைக்கடியில் பிறகு கிடைத்தது'
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
முந்நூற்றைம்பது ரூபாய் பிடித்தார்கள்.

இப்போது பேட்ஜ் ஆஸ்பத்திரியிலேயே, ஆணியில்.
வில்லிவாக்கத்தில் காலை நேரத்துக்கு
ஐசிஎஃப் சங்குதான் கணக்கு.
ஊதுவதற்கு முன் ஒரு வாட்ச்சை எடுத்து
சாவித் திருகை நகத்தால் வெளியே இழுப்பேன்.
விநாடி முள் நின்றுவிடும்.
பல பேர் ஒரே நொடியில் புறப்படுவதற்காக
அப்படிச் செய்தது அது.
நான் ஒருத்தி, அடுப்பில் குக்கர், ஈரத் தலை.
சங்கு கேட்டதும் திருகை அழுத்துவேன்.

இன்று குக்கர் மூன்றாம் விசிலும் அடித்துவிட்டது.
முள் பன்னிரண்டில் நிற்கிறது.
ஞாயிற்றுக்கிழமை என்று
அப்புறம்தான் நினைவு வந்தது.
நகத்தை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் நின்றேன்.